வாலிபர் கூடுகைக்குப் படமா, பாட்டா, பட்டிமன்றமா?

போன மாதம் மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியை எழுதியிருந்தார்கள். திருமங்கலம் பக்கம் ஒரு சபையில் வாலிபர் ஐக்கியச் செயலாளராகப் புதிதாகப் பொறுப்பேற்ற தம்பி: "அக்கா, நோட்டில் பதினெட்டுப் பேர் இருக்காங்க. வர்றது ஆறு பேரு. படம் போட்டா மீதிப் பேர் வருவாங்களா?" மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஞாயிறு பள்ளி நடத்தும் ஒரு டீச்சர்: சினிமாப் பாட்டு மெட்டில் வேதாகமக் கதையைப் பாட்டாக எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள், ஆனால் மனசு உறுத்துகிறது, தப்பா? மூன்றாவது, நகரத்துக்குள் இருக்கும் ஒரு கத்தோலிக்கப் பங்கின் இளையோர் குழு. ஒரு நல்ல மனிதர் கொஞ்சம் பணம் கொடுத்திருக்கிறார். கேமரா வாங்குவதா, கிடாரும் டிரம்ஸும் வாங்குவதா என்று இரண்டு கட்சியாக நிற்கிறார்கள்.

மதுரையின் மேற்குப் பக்கத்தில் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் பதினோரு வருஷம் வாலிபர் பொறுப்பில் இருந்தேன். இதில் எல்லாவற்றையும் செய்து பார்த்திருக்கிறேன். சிலவற்றில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன்.

மக்கள் கலையை வைத்து விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்கலாமா என்ற அடிப்படைச் சண்டைக்குள் நான் இறங்கப் போவதில்லை. அது இந்த ஊரில் பழைய சண்டை. இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி 1606-ல் மதுரைக்கு வந்து, காவி கட்டி, தமிழும் சமஸ்கிருதமும் படித்து, இங்குள்ள சந்நியாசியைப் போல வாழ்ந்தபோது அவருடைய இயேசு சபையைச் சேர்ந்த பாதிரிமார்களே எதிர்த்தார்கள். விவகாரம் ரோம் வரை போய், 1623-ல் போப் 15-ஆம் கிரகோரி அனுமதி கொடுத்தார். ஏதென்ஸில் பவுல் "உங்கள் புலவர்களிலும் சிலர்" என்று கிரேக்கக் கவிதையை எடுத்துப் பேசியது அப்போஸ்தலர் நடபடிகள் 17-ல் இருக்கிறது. ஆகவே, செய்யலாம். எதைச் செய்வது என்பதுதான் பேச்சு.

எதை வைத்து எடை போடுவது

நான்கு கேள்விகள் வைத்திருக்கிறேன்.

முதலாவது, யார் வாய் திறக்கிறார்கள்? ஒன்றரை மணி நேரத்தில் பிள்ளைகள் பேசினார்களா, நாம் மட்டும் பேசினோமா? மற்ற மூன்றையும் சேர்த்தாலும் எனக்கு இதுதான் கனம்.

இரண்டாவது, ஒரு மாதம் கழித்து எது நினைவில் நிற்கிறது, வசனமா, வசனத்துக்குத் துணையாக வந்த சரக்கா?

மூன்றாவது, பணமும் உழைப்பும். ரசீதில் வராத உழைப்பையும் சேர்த்து.

நான்காவது, யாரை இது வெளியே நிறுத்துகிறது? ஏழு மணிக்குள் வீடு திரும்ப வேண்டிய பெண் பிள்ளை, சனிக்கிழமையும் கடைக்கு வேலைக்குப் போகிற பையன், சொந்த போன் இல்லாதவன், நண்பனோடு கூட வந்த இந்துப் பிள்ளை.

தலை எண்ணிக்கையை வேண்டுமென்றேதான் விட்டுவிட்டேன். பிரியாணி போட்டால் தலை வரும்.

படம் போட்டுப் பேசுவது

முதல் தடவை முழுப் படம் போட்டோம். சபை ஹாலின் ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி, வாடகைக்கு புரொஜெக்டர் எடுத்து, சுண்டலும் டீயும் வைத்து. நாற்பது பேர் வந்தார்கள். நான் அந்தப் படத்தை டிவியில்தான் பார்த்திருந்தேன். டிவியில் வெட்டியிருந்த ஒரு பாட்டு ஓடிடியில் அப்படியே இருந்தது. ஆயர் அம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஓடிப்போய் நிறுத்த, திரை எந்தக் காட்சியில் உறையக் கூடாதோ சரியாக அதில் உறைந்து நின்றது. அதுகூடப் பரவாயில்லை. படம் முடியும்போது எட்டேகால். பேசுவதற்கு மிஞ்சியது பத்து நிமிஷம். அதற்குள் பெண் பிள்ளைகள் வாசலில் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். நாற்பது பேர் வந்த கூட்டத்தில் வாய் திறந்தது மூன்று பேர், மூவரும் பையன்கள்.

அதற்கப்புறம் முழுப் படம் போட்டதே இல்லை. ஒரே காட்சி, ஆறு முதல் எட்டு நிமிஷம். இரண்டு தடவை ஓடவிடுவோம். இரண்டாவது தடவை சத்தத்தை அணைத்துவிடுவோம். பின்னணி இசை போனதும் ஹீரோவின் நடை சாதாரண நடையாகிவிடும். அடி வாங்குகிறவனின் முகம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். "அவன் யாரு, அவனுக்கு வீடு எங்க?" என்று ஒரு பையன் கேட்டான். அன்றைக்கு நல்ல சமாரியன் உவமையில் கள்ளர் கையில் அகப்பட்டவனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். ஊர் பேர் தெரியாத அந்த மனிதனைப் பற்றி அதற்கு முன் நான் யோசித்ததே கிடையாது.

இதில் உள்ள பெரிய வியாதி, ஹீரோவை இரட்சகராக்குவது. தனி ஆளாக ஐம்பது பேரை அடிக்கிறவரைக் காட்டி, "இவர் தன் ஜனங்களுக்காகப் பாடுபடுகிறார், யாரை ஞாபகப்படுத்துகிறது?" என்று கேட்பார்கள். பிள்ளைகளுக்கு விடை தெரியும், சொல்லிவிட்டு மனசுக்குள் சிரித்துக்கொள்வார்கள். வேதாகமத்தை எங்கேயோ ஒளித்துவைத்துத் தேடச் சொல்கிற விளையாட்டு வேண்டாம்.

மதுரையில் இன்னொன்றும் உண்டு. அரிவாளும் மீசையுமாக நம் ஊரை வைத்து எடுக்கிற படங்களில் சாதிப் பெருமை எங்கே பேசப்படுகிறது என்பது நம் பிள்ளைகளுக்கு ஒரே பார்வையில் புரியும். எந்தக் காட்சிக்கு எந்த மூலையிலிருந்து விசில் வருகிறது என்று கவனித்தால் உங்கள் சபையின் வரைபடமே கிடைத்துவிடும். அதைப் பேசத் துணிவிருந்தால் போடுங்கள். துணிவில்லாமல் போட்டால் விசிலோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

மறைந்திருக்கும் செலவு: எட்டு நிமிஷக் காட்சிக்குப் பொருத்தமான கேள்விகள் தயாரிக்க எனக்கு ஒரு முழு ஞாயிறு மதியம் போய்விடும். சட்டமும் இருக்கிறது. ஓடிடி சந்தா வீட்டில் பார்க்கத்தான், யூடியூபின் விதிகளும் பொதுவில் திரையிடுவதை அனுமதிப்பதில்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52-ல் மத ஆராதனைக்குத் தரப்படும் விலக்கு பாட்டு, நாடகம் போன்றவற்றுக்கானது. அதைச் சினிமாவுக்கு நீட்டிக்கொள்ள முடியாது. உரியவரிடம் கேட்டு வாங்கிப் போடுவதுதான் வழி. குறும்பட இயக்குநர்கள் கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகக் கொடுக்கிறார்கள். படத்தின் தணிக்கைச் சான்றிதழையும் பாருங்கள், 2024 விதிகளுக்குப் பிறகு யு/ஏ என்பது 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது.

எப்போது இது நல்லது? கிறிஸ்தவரல்லாத நண்பர்களும் வருகிற குழுவுக்கு. வசனத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறவன் காட்சியைப் பற்றிப் பேசிவிடுவான்.

சினிமா மெட்டும் பேண்டும்

மேலூர் டீச்சரின் உறுத்தலுக்கு வருகிறேன். கிறிஸ்தவப் புலவர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். குறவஞ்சி என்பது அப்போது ஜனங்கள் விரும்பிப் பார்த்த ஆட்டப்பாட்டு. குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்வாள். அவர் அந்தக் குறத்தியை ஞானச்சிங்கி ஆக்கி சுவிசேஷத்தைச் சொல்லவைத்தார். "பார்த்தீர்களா, அவர் செய்யாததையா நாங்கள் செய்கிறோம்?" என்று மெட்டுக்காரர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சாஸ்திரியார் எடுத்தது ஒரு வடிவத்தை. நாம் எடுப்பது ஒரு குறிப்பிட்ட பாட்டை. வடிவத்துக்குச் சொந்தமாக ஒரு சொல்லும் கிடையாது, பாட்டுக்கு இருக்கிறது. ஒரு வருஷம் அந்த சமயத்தில் ஓடிக்கொண்டிருந்த குத்துப்பாட்டு மெட்டில், நினிவேக்குப் போகமாட்டேன் என்று ஓடிய யோனாவின் கதையை எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார்கள், ஆண்டு விழாவில் கைதட்டல் அள்ளியது. அடுத்த வாரம் அதே பிள்ளைகள் கோயில் வளாகத்தில் விளையாடிக்கொண்டே அந்த மெட்டைப் பாடினார்கள். வந்தது சினிமா வரிகள்தான். யோனாவும் இல்லை, நினிவேயும் இல்லை. மெட்டு தன் பழைய வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

அதனால் டீச்சர், தப்பு என்று சொல்லமாட்டேன், வீண் என்று சொல்வேன். கும்மி, தாலாட்டு, நடவுப் பாட்டு, கானா, ராப் எல்லாம் வடிவங்கள். அதில் பிள்ளைகளையே வரி போடச் சொல்லுங்கள். சுமாராகத்தான் வரும். ஆனால் அந்த வரி அவர்களுடையது.

பேண்டு வேறு கதை. கீபோர்டு, கிடார், டிரம்ஸ் என்று ஒரு முறை வாங்கிவிட்டால் போதும் என்று கமிட்டியில் சொல்வார்கள். கம்பி அறும், தோல் கிழியும், மிக்சர் எரியும், வாசிக்கத் தெரிந்த பையனுக்கு பெங்களூரில் வேலை கிடைக்கும். நான்கு பேருக்கு அது உண்மையிலேயே ஊழியம், மீதிப் பேருக்குக் கச்சேரி. அந்த நான்கு பேருக்கு, குறிப்பாக வீட்டில் யாரும் மதிக்காத ஒரு பையனுக்கு, அது உயிரைப் பிடித்து வைக்கிற கயிறாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒரேயடியாக ஒதுக்கவும் மனம் வரவில்லை.

ஆராதனைக்குள் பாடுவதைச் சட்டம் தடுக்காது. அதே சினிமா மெட்டு வீடியோவை யூடியூபில் ஏற்றினால் இசை நிறுவனத்தின் உரிமைக்கோரல் வரும். பயிற்சி ராத்திரி பத்து மணியைத் தாண்டினால் ஒலிபெருக்கி விதி இருக்கிறது, அதைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார்.

பட்டிமன்றம்

சாலமன் பாப்பையா தமிழ் கற்பித்தது நம்ம அமெரிக்கன் கல்லூரியில்தான். பட்டிமன்றம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தாத்தா வீட்டுச் சொத்து மாதிரி. டிவியில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பார்த்தே வளர்ந்தவர்கள். வாலிபர் ஊழியத்தில் ஜனரஞ்சகக் கலை என்றால் எல்லோருக்கும் சினிமாவும் கிடாரும்தான் ஞாபகம் வருகின்றன. இது யாருக்கும் தோன்றுவதில்லை என்பது எனக்குத் தீராத ஆச்சரியம்.

அணிக்கு மூன்று பேர், ஒரு நடுவர், ஒரு மணி, ஒரு சொம்பு தண்ணீர். செலவு அவ்வளவுதான். லூக்கா 15-ல் வரும் கெட்ட குமாரன் கதையை (சொத்தை வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளையவன், வீட்டிலேயே இருந்த மூத்தவன்) எடுத்து "அதிகம் தவறியவன் மூத்த மகனா, இளைய மகனா" என்று தலைப்புக் கொடுத்தோம். இரண்டு வாரம் அவகாசம். அந்த இரண்டு வாரத்தில், நான் ஒரு வார்த்தை சொல்லாமலே, அந்த அதிகாரத்தை ஆளுக்குப் பல தடவை படித்திருந்தார்கள். எதிரணி எந்த வசனத்தைத் தூக்கிக்கொண்டு வருமோ என்ற பயம்!

ஒரு பையன் எழுந்தான். "நடுவர் அவர்களே, இளையவன் திரும்பி வந்தது பசியினால. 'புத்தி தெளிந்தபோது'ன்னு போட்டிருக்கு, சரி. தெளிஞ்சதும் அவன் முதல்ல நினைச்சது அப்பாவையா, அப்பா வீட்டுச் சாப்பாட்டையா?" ஹாலே சிரித்தது. அப்புறம் மூத்தவனுக்காகப் பேச ஒரு பெண் வந்தாள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள், வீட்டில் மூத்தவள், அதுவரை கூடுகையில் ஜெபம்கூட வாய்விட்டுச் செய்தது கிடையாது. கையில் வேதாகமம் நடுங்கியது. "'நீர் ஒருக்காலும் எனக்கு ஒரு ஆட்டுக்குட்டியையாவது கொடுக்கவில்லை.' இதை அவன் பொறாமையில சொன்னான்னு எல்லா பிரசங்கத்திலயும் சொல்றீங்க. அவன் பொய்யா சொன்னான்? எங்க வீட்ல தம்பிக்கு பைக் வாங்கிக் கொடுத்தாங்க. நான் கேட்கவே இல்ல. கேட்காம இருந்தா கொடுக்க மாட்டீங்களா?"

மணி அடிக்க வேண்டியவன் அடிக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். எதிரணியில் கடைசியாகப் பேசியவன் தயாரித்து வந்த தாளை மடித்து வைத்துவிட்டு, "எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்ற வரியை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்தான். மூத்தவன் வீட்டுக்குள் போனானா இல்லையா என்று லூக்கா சொல்லவில்லை. நடுவராக இருந்த நானும் தீர்ப்பு சொல்லவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. வாய்ச்சவடால்காரனுக்கு இது கொண்டாட்டம்; டிவியில் கேட்ட மாமியார் ஜோக்கைக் கொண்டுவந்து கைதட்டல் வாங்கிவிட்டுப் போவான். ஆங்கில மீடியம் பிள்ளைகளுக்கு பழைய திருப்புதலின் (வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு) தமிழ் நாக்கில் ஒட்டாது, கூட உட்கார்ந்து படிக்க ஒரு ஆள் வேண்டும். தலைப்புத் தவறினால் எல்லாம் போச்சு. "இன்றைய இளைஞர்களைக் கெடுப்பது செல்போனா, சினிமாவா" என்று வைத்தால் பெரியவர்கள் மகிழ்வார்கள், பிள்ளைகள் அடுத்த வாரம் வரமாட்டார்கள். நடுவரின் தீர்ப்பு பிரசங்கமாக மாறுவது இன்னொரு ஆபத்து.

ரீல்ஸும் மீம்ஸும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடிவேலு முகத்தை வைத்து யோனா "போமாட்டேன்" என்று அடம்பிடிப்பதாக எங்கள் பிள்ளைகள் செய்த ஸ்டிக்கர் வாட்ஸ்அப் குழுவில் இன்றும் சுற்றுகிறது. சிரிப்பு நிற்கிறது, யோனாவும் ஓரளவு நிற்கிறான். வார நடுவில் கதையை ஞாபகப்படுத்த அது போதும். பாடம் அதில் நடக்காது.

ரீல்ஸில் நடிப்பது இருவர், எடுப்பது ஒருவர், மற்றவர்கள் லைக் போடுகிறவர்கள். தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு பெண் பிள்ளையின் முகம் பொதுவில் போனால் முதலில் போன் செய்வது பெரியப்பாவாக இருக்கும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் எதையும் ஏற்றாதீர்கள். முகம் காட்டாமல் குரல் மட்டும் வைத்துச் செய்கிற ஒலி நாடகம் இதைவிட நல்ல யோசனை. அதற்குக் கேமராவே வேண்டாம்.

ஒயிலாட்டம், பறை, தெருநாடகம்

அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு (பலருக்கும் பரட்டை அண்ணன், 2005-ல் காலமானார்) கிராமிய இசையிலேயே ஒரு முழு வழிபாட்டை அமைத்தார். ஜனங்கள் பேசுகிற மொழி, ஜனங்கள் பாடுகிற இசை, ஒரே உலையில் சமைத்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவது, இதுதான் அவருடைய இறையியல். நான் மேலே சொன்ன 'வடிவத்தை எடு, பாட்டை எடுக்காதே' என்பதை மதுரையில் நமக்கு வெகு முன்பே செய்து காட்டியவர் அவர்.

ஆனால் செய்து பார்த்தால்தான் விலை தெரியும். நாங்கள் கிறிஸ்துமஸுக்குப் பறை வைத்தபோது ஒரு பெரியவர் கேட்டார்: "சாவு மேளத்தை கோயிலுக்குள்ளயா கொண்டு வர்றீங்க?" அவர் கேட்டது மேளத்தைப் பற்றி மட்டுமல்ல என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அடித்துக்கொண்டிருந்த பையன் குச்சியைக் கீழே வைக்கவில்லை. கமிட்டியில் மூன்று கூட்டம் அதே பேச்சு. பறையை எடுப்பதென்றால் அந்த மூன்று கூட்டத்துக்கும் தயாராகித்தான் எடுக்க வேண்டும். நடுவில் பின்வாங்கினால் அந்தப் பையனுக்குச் செய்யும் துரோகம்.

மற்றபடி, ஒயிலாட்டம் கற்றுக்கொடுக்க வாத்தியாருக்கு நியாயமான சம்பளம், ஒரு மாதத்துக்கு மேல் பயிற்சி, தெருவில் ஆடுவதென்றால் காவல் நிலையத்தில் அனுமதி. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கப் பிள்ளைகளுக்கு இது சொந்தக் கலை. அண்ணாநகர் அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளைக்கு ராப்தான் கிராமியம். அவனுக்குத் தலைப்பாகை கட்டிவிட்டால் மாறுவேடப் போட்டி மாதிரி இருக்கும்.

கிரிக்கெட் போட்டி நடத்தலாமா என்றும் சிலர் கேட்பார்கள். நடத்துங்கள், நல்ல விஷயம். டாஸுக்கு முன்னால் இரண்டு நிமிஷம் பிரசங்கம் வைத்து அதை ஊழியம் என்று கணக்கெழுதாதீர்கள்.

ஒரே பார்வையில்

| | யார் பேசுகிறார்கள் | நினைவில் நிற்பது | பணம் | உழைப்பு | வெளியே நிற்பவர் |
|---|---|---|---|---|---|
| முழுப் படம் | யாருமில்லை | படம் | நடுத்தரம் | குறைவு | சீக்கிரம் வீடு போக வேண்டியவர்கள் |
| ஒரு காட்சி | பாதிப் பேர் | கேள்வி சரியாக இருந்தால் வசனம் | குறைவு | தலைவருக்கு அதிகம் | அதிகம் இல்லை |
| சினிமா மெட்டு | எல்லோரும் பாடுவார்கள் | சினிமா வரி | இல்லை | குறைவு | இல்லை |
| பேண்டு | நான்கு பேர் | இசை | மிக அதிகம், தொடரும் | அதிகம் | வாசிக்கத் தெரியாதவர்கள் |
| பட்டிமன்றம் | ஆறு பேர், பிறகு சபையே | வசனம் | இல்லை | பிள்ளைகளுக்கு | தமிழ் வாசிக்கத் திணறுகிறவர்கள் |
| ரீல்ஸ் | இரண்டு மூன்று பேர் | சிரிப்பு | குறைவு | நடுத்தரம் | போன் இல்லாதவர்கள், பெண் பிள்ளைகள் |
| பறை, ஒயிலாட்டம் | ஆடுகிற எல்லோரும் | அடவும் கதையும் | நடுத்தரம் | மிக அதிகம் | நகரத்துப் பிள்ளைகள் |

எழுதியவர்களுக்கு

மேலூர் டீச்சருக்குப் பதில் சொல்லிவிட்டேன். கும்மியில் தொடங்குங்கள். ஊரில் கும்மிப் பாட்டு தெரிந்த பாட்டிகள் இருக்கும்வரை வாத்தியார் செலவும் மிச்சம்.

நகரத்துப் பங்கின் இளையோருக்கு: இரண்டு கட்சியும் என்னைத் திட்டலாம். டிரம்ஸ் வேண்டாம். கேமராவும் இப்போதைக்கு வேண்டாம், உங்கள் போனே போதும். ஒரு நல்ல மைக்கும் ஒரு சின்ன ஒலிபெருக்கியும் வாங்குங்கள், பட்டிமன்றத்துக்கும் ஒலி நாடகத்துக்கும் திருவிழா அறிவிப்புக்கும் ஆகும். பங்குத்தந்தை சம்மதித்தால் மிச்சப் பணத்தில் தவக்காலத்துக்கு, இயேசுவின் பாடுகளைக் காட்டுகிற ஒரு பாஸ்கா நாடகம் போடுங்கள். நூறு பேருக்கு வேஷம் கிடைக்கும், யூதாஸ் வேஷத்துக்கு ஆள் பிடிப்பதே ஒரு தியானமாக இருக்கும்.

திருமங்கலம் தம்பி, படம் போட்டால் அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரு தடவை வருவார்கள். அடுத்த வாரம் "என்ன படம்?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். அவர்களை இப்போதைக்கு விடுங்கள். வருகிற ஆறு பேரை உட்கார வைத்து எண்ணிப் பாருங்கள்: இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. நடுவர் ஒருவர்தான் குறை. அதற்கு ஆயர் ஐயாவைக் கூப்பிடாதீர்கள், தீர்ப்பு நாற்பது நிமிஷம் ஓடும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குத் தவறாமல் வருகிற பாட்டி ஒருவர் உங்கள் சபையிலும் இருப்பார். அவரைக் கேளுங்கள்.